டேபிள்டாப் சிமுலேட்டர்ல தாயம்: ஆயாவோட வளையல் துண்டு எனக்கு மட்டும் தெரியுது, மத்தவங்களுக்கு வெறும் வெள்ளை

கல்மண்டபம்_கட்டை
ஞாயிறு இரவு 11.42

வணக்கம். ராயபுரத்துல இருந்து எழுதறேன். ரெண்டு பிரச்சனை. ஒண்ணு சின்னது. இன்னொண்ணு குடும்பத்துல சண்டை மூட்டிவிட்டுடுச்சு.

எங்க ஆயாவுக்கு 83 வயசு. தாயம்னா சோறு தண்ணி வேணாம். முன்னெல்லாம் சாயங்காலம் ஆனா வீட்ல ஆறு பேர் சுத்தி உக்காருவோம். இப்ப அண்ணன் ஷார்ஜால, பெரியம்மா பொண்ணு கோயம்புத்தூர்ல, சித்தப்பா பையன் மணலில. (மணலி பக்கம்தானேன்னு கேக்காதீங்க. கன்டெய்னர் லாரி க்யூவுல மாட்டினவனுக்குத்தான் தெரியும், ஷார்ஜாவே கிட்ட.) அதனால எல்லாரையும் டேபிள்டாப் சிமுலேட்டர் (ஆன்லைன்ல போர்டு கேம் ஆடற சாஃப்ட்வேர்) வாங்க வெச்சு, அதுல தாயக்கட்டம் செஞ்சேன்.

கட்டம் ஆயா கையால போட்டது. ஹால்ல ரெட் ஆக்சைடு தரை, அதுமேல சாக்பீஸ்ல ஏழுக்கு ஏழு. ஸ்டூல் மேல ஏறி போட்டோ எடுத்து அதையே கஸ்டம் போர்டா ஏத்திட்டேன். காயும் எங்க வீட்டுக் காய்தான். ஆயாவுக்கு உடைஞ்ச பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு, அண்ணனுக்குப் புளியங்கொட்டை, அக்காவுக்குச் சோழி, சித்தப்பா பையனுக்குச் சட்டை பட்டன். ஒவ்வொண்ணையும் வெள்ளை வேட்டி மேல வெச்சு படம் புடிச்சு, பின்னணியை அழிச்சு, பிஎன்ஜியா மாத்தி, கஸ்டம் டோக்கன்ல போட்டேன். என் ஸ்க்ரீன்ல அப்படியே நிஜ வளையல் துண்டு மாதிரி வளைஞ்சு கிடக்குது.

மத்த மூணு பேருக்கும் வெறும் வெள்ளை. போர்டும் வெள்ளை, காயும் வெள்ளை. "பால்கோவா மேல பால்கோவா வெச்ச மாதிரி இருக்கு"ன்னு அக்கா சொல்றா. இன்னா தப்பு பண்ணேன்?

ரெண்டாவது பிரச்சனை உருட்டற தாயக்கட்டை பத்தி. அத்த நாளைக்கு சொல்றேன், இப்ப தூக்கம் வருது.


எம்கேபி_நகர்_மச்சி
ஞாயிறு இரவு 11.58

தல, வெள்ளை வேட்டில படம் புடிச்சா வெள்ளையாத்தான் வரும் 😂

சீரியஸா, நான் ரெண்டு சாதா பகடையும் சிவப்பு நீலம் காயும் வெச்சு ஆடிக்கினு கீறேன். எதுக்கு இவ்ளோ பேஜார்?


மின்ட்_தெரு
திங்கள் காலை 7.10

வெள்ளைக்குக் காரணம் வேட்டி இல்ல. படத்தை ஏத்தும்போது லோக்கலா, கிளவுடான்னு ஒரு கேள்வி வந்திருக்கும். நீங்க லோக்கல்னு கொடுத்திருக்கீங்க. அப்போ காய்க்குள்ள பதிவாகறது உங்க கம்ப்யூட்டர்ல படம் இருக்கிற இடத்தோட முகவரி. உங்க மெஷின் அதைத் திறந்து காட்டும். ஷார்ஜால இருக்கிற மெஷின் உங்க சி டிரைவை எங்க போய்த் தேடும்? கிடைக்காது, வெள்ளையாக் காட்டிட்டு உக்காந்திருக்கும்.

காய் மேல வலது கிளிக், கஸ்டம்னு இருக்கும், அதுல மறுபடி படத்தைத் தேர்ந்தெடுத்து இந்தத் தடவை கிளவுட் கொடுங்க. ஸ்டீம் கிளவுடுக்கு (கேம் வாங்கின கடையோட சர்வருக்கு) ஏறிடும். முதல்ல ஒரே ஒரு காய் மட்டும் ஏத்தி, யாராவது ஒருத்தர் ஸ்க்ரீன்ல தெரியுதான்னு கேட்டுட்டு, அப்புறம் அதைக் காப்பி பண்ணி மத்த காய்களைச் செய்யுங்க. பதினாறு காயையும் தனித்தனியா ஏத்திட்டு, அப்புறம் பதினாறையும் திருத்தின ஆள் நான்.

இலவசமா படம் வெச்சுக்கிற தளத்துல போட்டு லிங்க் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். நான் செஞ்ச ஒரு சீட்டுக்கட்டு அப்படித்தான் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுத் திறந்தா, லிங்க் எல்லாம் செத்துக் கிடக்கு.

சோழியை மட்டும் வெள்ளை வேட்டில எடுக்காதீங்க. ஓரம் எது, துணி எதுன்னு பின்னணி அழிக்கிற ஆப்புக்குத் தெரியாம பாதி சோழியைத் தின்னுடும். நீல லுங்கி மேல வெச்சு, நிழல் விழாம, பகல் வெளிச்சத்துல எடுங்க. டோக்கன்ல மெர்ஜ் டிஸ்டன்ஸ்னு ஒரு எண் இருக்கு. அதைக் குறைச்சா ஓரம் படத்தோட வளைவை ஒட்டியே வரும், கூட்டினா மொத்தையாகும். வளையல் துண்டுக்குக் குறைச்சே வைங்க. பட்டனுக்கு அவசியமே இல்ல, வட்டம்தானே. தடிமனையும் குறைங்க, இல்லன்னா வளையல் துண்டு தேங்கா பத்தை மாதிரி நிக்கும்.


கல்மண்டபம்_கட்டை
திங்கள் இரவு 9.25

மின்ட் அண்ணா, கோயிலே கட்டலாம் உங்களுக்கு. எல்லாருக்கும் தெரியுது. நீல லுங்கி விஷயம் நூத்துக்கு நூறு. ஆயா ஸ்க்ரீனைப் பாத்துட்டு, "இது என் கல்யாண வளையல்டா, எப்படிடா உள்ள போச்சு"ன்னு கேட்டுச்சு.

இப்ப ரெண்டாவது பிரச்சனை. கட்டை.

ஷார்ஜா அண்ணன் நேத்து வரிசையா மூணு தாயம் (அதான், ஒண்ணு) போட்டான். நாலாவது பன்னெண்டு. அக்காவுக்கு சந்தேகம் வந்து அவன் கையையே பாத்துக்கினு இருந்தா. மவனே கட்டையை மேல தூக்கி, அந்தரத்துலயே புடிச்சுக்கினு, திருப்பற கீயை அழுத்தி அழுத்தி வேணுங்கற பக்கம் மேல வந்ததும் மெதுவா இறக்கி வெக்கறான். உருட்டவே இல்ல! கேட்டா "லேக் ஆவுது"ங்கறான். ஆயா அவனோட பேச மாட்டேன்னு சொல்லிடுச்சு.

ஒருத்தர் காயை ஒருத்தர் தொடக் கூடாது, கட்டையை யாருமே கையால திருப்பக் கூடாது. இதுக்கு வழி இருக்கா?


பெரம்பூர்_லோகோ
திங்கள் இரவு 10.02

அண்ணன் செஞ்சது எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். எங்க அத்தை உள்ளங்கையில கட்டையைத் தேய்க்கற மாதிரி தேய்ச்சு வழுக்கி விடுவாங்க, கேட்டா "பழக்கம்மா"ம்பாங்க.

ஹோஸ்டா (ஆட்டத்தைத் திறந்து நடத்தறவங்களா) இருக்கிறவங்களுக்கு ஆப்ஷன்ஸ்ல பர்மிஷன்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு. வலது கிளிக் மெனு, அளவு மாத்தறது, சேவ் பண்றது, மூடின சீட்டை எட்டிப் பாக்கறது, இந்த மாதிரி விஷயங்களை மத்த ஆட்டக்காரங்களுக்கு நிறுத்தலாம். யாரையாவது ப்ரொமோட் பண்ணீங்கன்னா அவங்களுக்கு இந்தத் தடை எதுவும் இல்ல. அண்ணனை ப்ரொமோட் பண்ணி வெச்சிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க.

ஆனா அந்தப் பக்கம் "என்ன செய்யலாம்"னு மட்டும்தான் கேக்கும். "எந்தக் காயை"ன்னு கேக்காது. புளியங்கொட்டை அண்ணனோடது, வளையல் ஆயாவோடதுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு ஸ்கிரிப்ட்தான் எழுதணும்.


மின்ட்_தெரு
திங்கள் இரவு 10.40

ஆமா, லுவாங்கற ஸ்கிரிப்ட் மொழில எழுதணும். இங்க கோட் போட்டா வரியெல்லாம் உடைஞ்சு கந்தல் ஆகுது, அதனால வாயால சொல்றேன்.

இதுல ஆளுக்கு ஒரு நிறம் இருக்குல்ல, ஒவ்வொரு காய்க்கும் அதோட ஆள் நிறத்தை டேகா (அடையாளமா) போடுங்க. காயைத் தூக்கறப்பல்லாம் தானா ஓடற ஒரு ஃபங்ஷன் இருக்கு, யார் தூக்கினாங்க, எதைத் தூக்கினாங்கன்னு ரெண்டும் அதுக்கு வரும். தூக்கினவர் நிறமும் காயோட டேகும் ஒத்துப் போகலன்னா, அந்தக் காயைப் பிடியிலிருந்து விழ வைங்க. பத்து வரிகூட வராது.

கட்டைக்கு வேற வழி. ரெண்டு கட்டையையும் தொட முடியாத பொருளா மாத்திடுங்க, மவுஸ் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. போர்டு ஓரத்துல ஒரு பட்டன். அழுத்தினா ஸ்கிரிப்டே ரெண்டையும் உருட்டும், நின்னதும் எண்ணிக்கையை எல்லார் ஸ்க்ரீன்லயும் எழுதும். ரெண்டும் வெறுமை (புள்ளி இல்லாத பக்கம்) விழுந்தா பன்னெண்டுன்னு எழுதச் சொல்ல மறந்துடாதீங்க, இல்லன்னா பூஜ்யம்னு காட்டி ஆயாவை அழ வைக்கும்.

உரிமையைப் பூட்டணும்னா முழுசாப் பூட்டணும், பாதிப் பூட்டு பூட்டே இல்ல. நாளைக்கு உங்களுக்கு எழுதி அனுப்பறேன்.


எம்கேபி_நகர்_மச்சி
திங்கள் இரவு 10.51

இதுக்குத்தான் சொல்றேன், சாதா பகடை ரெண்டு போட்டுக்கன்னு. ஆர் கீயை அழுத்தினா தானா உருளும்.


பேசின்_பிரிட்ஜ்_கணக்கு
செவ்வாய் காலை 6.30

மச்சி, ரெண்டு சாதா பகடை போட்டா குறைஞ்சபட்சம் எவ்ளோ விழும்? ரெண்டு. அப்ப தாயம் எப்ப விழும்? விடிய விடிய உருட்டினாலும் ஒரு காய்கூட இறங்காது. நீ எதை ஆடிக்கினு இருக்கறேன்னு தெரியல, தாயம் இல்ல அது.

பித்தளைக் கட்டை ஒவ்வொண்ணுக்கும் நாலு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மத்ததுல ஒண்ணு, ரெண்டு, மூணு புள்ளி. ரெண்டு கட்டை சேந்தா 16 விதமா விழலாம். அதுல தாயம் 2, ரெண்டு 3, மூணு 4, நாலு 3, அஞ்சு 2, ஆறு 1, பன்னெண்டு 1. மூணு அடிக்கடி விழுந்து கடுப்பேத்தறது ஏன்னு இப்ப புரியுதா? தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா மறு வீச்சு, அப்போ 16ல 6 தடவை திரும்ப கட்டை உங்க கைக்கே வரும். பத்து வீச்சு வீசியும் ஒரு தாயம்கூட விழாம இருக்க நூத்துக்கு 26 வாய்ப்பு. ஆயாக்கள் சபிக்கறது கணக்குப்படி நியாயம்தான்.

ஒரே ஒரு சாதா பகடை போட்டா தாயம் ஆறுல ஒண்ணு விழும். நிஜத்துல எட்டுல ஒண்ணு. பன்னெண்டு விழவே விழாது. ஆட்டமே வேற ஆயிடும்.

நீளக் கட்டையை மாடலாச் செய்ய முடியலன்னா ஒரு குறுக்கு வழி: எட்டு முகப் பகடை ரெண்டு எடுத்து, வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு முகத்துல போடுங்க. கணக்கு அச்சு அசலா வரும். பாக்கத்தான் நல்லா இருக்காது.


பழைய_வண்ணை_65
செவ்வாய் மதியம் 2.15

கணக்குத் தம்பி சொன்னது நியாயமான கட்டைக்குத்தான் பொருந்தும். நம் வீட்டுப் பித்தளைக் கட்டைகள் கையால் வார்த்தவை, ஒரு பக்கம் கனமாகவே இருக்கும். என் அம்மாவின் கட்டையில் மூன்று புள்ளிப் பக்கம் தேய்ந்து, தடவிப் பார்த்தால்தான் தெரியும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவோம். விடியற்காலை நான்கு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அது மூன்றா வெறுமையா என்று வரும் தகராறு இருக்கிறதே, அது ஸ்கிரிப்டில் வருமா தம்பி?

பூட்டு, பட்டன், டேக் எல்லாம் சரி. யாரும் யாரையும் ஏமாற்றவே முடியாது என்றால், பிடித்துவிட்டேன் என்று கத்துவதற்கு என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் திறந்தே வையுங்கள். கண்காணிப்பதும் ஆட்டம்தான்.


மின்ட்_தெரு
செவ்வாய் மதியம் 2.40

மாமா, நேர்ல உக்காந்தா கண்காணிக்கலாம். ஷார்ஜால இருக்கிறவன் கையை எப்படிப் பாக்கறது? ஸ்க்ரீன்ல ஒரு மவுஸ் அம்பு தெரியும், அவ்ளோதான். வீட்ல முழிக்கிற முழியே காட்டிக் கொடுத்துடும். அம்புக்கு ஏது முழி?


கொருக்குப்பேட்டை_கிளி
செவ்வாய் மாலை 5.05

இடையில ஒரு சந்தேகம். நான் பல்லாங்குழிப் பலகையை த்ரீடி மாடலா செஞ்சு ஏத்தினேன். குழி கண்ணுக்குத் தெரியுது, ஆனா சோழி உள்ள விழாம மேல அந்தரத்துல நிக்குது. பேய் புடிச்ச பலகையா?


மின்ட்_தெரு
செவ்வாய் மாலை 5.20

பேய் இல்ல, கான்வெக்ஸ் கொலைடர். கண்ணுக்குத் தெரியற வடிவம் ஒண்ணு, மோதலுக்கு எஞ்சின் வெச்சிருக்கிற வடிவம் இன்னொண்ணு. வழக்கமா அது பொருளைச் சுத்தி இறுக்கமா துணி போத்தின மாதிரி இருக்கும், குழியெல்லாம் மூடிப் போகும். ஏத்தற பக்கத்துலயே நான்-கான்வெக்ஸ்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போடுங்க. போட்டதும் பலகை மேல மவுஸ் வெச்சு எல் அழுத்தி லாக் பண்ணிடுங்க, அந்த மாதிரிப் பொருளை அசைய விட்டா எஞ்சின் தாங்காது. பல்லாங்குழியை யாரும் ஆட்டத்து நடுவுல தூக்கிக்கினு ஓட மாட்டாங்கதானே.


கொருக்குப்பேட்டை_கிளி
செவ்வாய் மாலை 6.11

எங்க வீட்ல ஓடுவாங்க. ஆனா விழுது, விழுது! நன்றி.


பெரம்பூர்_லோகோ
செவ்வாய் இரவு 9.30

மின்ட், பழைய வண்ணை ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. என் கதையைக் கேளுங்க.

நான் ஃபவுண்ட்ரிங்கற ஆன்லைன் சாஃப்ட்வேர்ல தமிழ்ல ரோல்பிளே (ஆளுக்கு ஒரு பாத்திரமா கதை ஆடறது) நடத்தறேன். (அதுல நடத்தறவங்க மட்டும் காசு கொடுத்து வாங்கினா போதும், மத்தவங்க பிரவுசர்ல வந்துடலாம். டேபிள்டாப் சிமுலேட்டர்ல ஆளாளுக்கு ஒண்ணு வாங்கணும், அது ஒரு பெரிய குறை.) அதுல உரிமை நல்லா பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கு நாலு படி: ஒண்ணும் இல்ல, கொஞ்சம் தெரியும், முழுசாப் பாக்கலாம், உரிமையாளர். இது தவிர ஆளுக்கு ஒரு பதவி: ஆட்டக்காரர், நம்பகமானவர், அசிஸ்டன்ட் ஜிஎம், ஜிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்). இந்த ரெண்டும் வேற வேறன்னு எனக்கு உறைக்கல.

கதை 1914 செப்டம்பர் 22 ராத்திரி. ஹார்பர்ல மூட்டை தூக்கறவங்க நாலு பேர், இவங்கதான் ஆட்டக்காரங்க. கரைக்கு அந்தாண்ட இருட்டுல ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து நிக்குது, குண்டு விழுந்து பர்மா ஆயில் கம்பெனி டாங்க் எரியப் போகுது. அது நாலு பேருக்கும் தெரியக் கூடாது. கப்பல் டோக்கனுக்காக ஒரு வாரம் உழைச்சேன். மூணு புகைபோக்கி, முன்னாடி ரெண்டு பீரங்கி, மேலிருந்து பாக்கற கோணம். கடல்ல வெச்சு ஹிட்டன் கொடுத்துட்டேன்.

ஒரு தம்பி மேப்ல கதவு திறக்க முடியலன்னு கேட்டான். அவசரத்துல அவனை அசிஸ்டன்ட் ஜிஎம் ஆக்கிட்டேன். மறைச்ச டோக்கன் ஜிஎம்முக்கு மங்கலாத் தெரியும்ல, அசிஸ்டன்ட் ஜிஎம்முக்கும் தெரியும். ஆட்டம் தொடங்கி பத்து நிமிஷத்துல சாட்ல எழுதறான்: "அக்கா, கடல்ல இன்னா கப்பல் அது, சூப்பரா கீது."

முடிஞ்சது. எம்டனை அதுக்கப்புறம் யார் கண்டா என்ன, காணாட்டி என்ன.

அவனுக்குப் பதவி உயர்வே தேவையில்லை. பூட்டாத கதவை எந்த ஆட்டக்காரரும் திறக்கலாம், நான்தான் கதவைப் பூட்டி வெச்சிருந்தேன். "அந்த வேலைக்கு மட்டும் அனுமதி" கொடுக்கறதுக்குப் பதிலா வீட்டுச் சாவிக் கொத்தையே கையில கொடுத்துட்டேன்.


எம்கேபி_நகர்_மச்சி
செவ்வாய் இரவு 9.44

க்கா 😭 அந்தத் தம்பி நான் இல்ல


கல்மண்டபம்_கட்டை
புதன் இரவு 11.50

மின்ட் அண்ணா ஸ்கிரிப்ட் அனுப்பினாரு, போட்டேன், ஆடினோம். கட்டை பட்டன் அமோகம். அண்ணன் அடக்கமா ரெண்டும் மூணுமா போட்டுக்கினு இருந்தான். ஒரு மணி நேரம் தாயமே விழல அவனுக்கு. தெய்வம் நின்னு கொல்லும்.

ஆனா இப்ப புதுசா ஒண்ணு. ஆயா அஞ்சு போட்டு அண்ணன் புளியங்கொட்டையை வெட்டிச்சு. வெட்டின காயை வெட்டினவங்கதானே தூக்கி வெளிய போடணும்? ஆயா மவுஸை வெச்சு தூக்குது, கொட்டை கையிலிருந்து நழுவி அங்கயே விழுது. மறுபடி தூக்குது, மறுபடி விழுது. "உன் காயை நீயே எடுடா"ன்னா, அண்ணன் "நெட் ஸ்லோவா கீது, எடுக்க வரமாட்டேங்குது"ங்கறான். கால் மணி நேரம் வெட்டுப்பட்ட காய் மலைக் கட்டத்துல (அங்க யாரும் வெட்ட முடியாது) உக்காந்த மாதிரி உக்காந்திருக்கு!

ஆயா என்னைப் பாத்து கேட்டுச்சு: "வெட்டினவ கை தொடக் கூடாதுன்னா அது எப்படிடா வெட்டு?" எனக்குப் பதில் தெரியல. மின்ட் அண்ணா?


மின்ட்_தெரு
வியாழன் காலை 7.20

கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் அதை யோசிக்கவே இல்ல.


புதுவண்ணை_ஸ்ட்ரைக்கர்
வியாழன் காலை 8.45

ரெண்டு நாளா படிச்சுக்கினு மட்டும் இருந்தேன், இப்ப சொல்லியே ஆவணும். நீங்க காய் யாருதுன்னு பாக்கறீங்க. எந்த ஆட்டத்துலயும் அப்படிக் கிடையாது.

கேரம்ல பாருங்க. நான் ஸ்ட்ரைக்கரை பாக்கெட்ல விட்டா எனக்கு அபராதம், நான் எடுத்த என் காய் ஒண்ணு திரும்ப போர்டுக்கு வரணும். அந்தக் காயை வெக்கறது யாரு? நான் இல்ல, எதிராளி. வெளி வட்டத்துக்குள்ள அவனுக்கு சௌகரியமா, எனக்கு அடிக்க வாட்டமில்லாத இடமாப் பாத்து வெப்பான். காய் என்னோடது, வெக்கற கை அவனோடது. அதுதான் தண்டனையே. ஆடு புலி எடுத்துக்குங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு. புலி தாண்டினா ஆட்டைத் தூக்கறது யாரு? புலிக்காரன்தான். ஆட்டுக்காரன் தானே எடுத்துக் கொடுத்தா அது பலி இல்ல, நன்கொடை.

இந்த ஏரியால பொறந்தவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. வியாசர்பாடில இருந்து இளவழகி 2008ல உலக சாம்பியன் ஆச்சு. நம்ம புது வண்ணை செரியன் நகர்ப் பொண்ணு காசிமா 2024 நவம்பர்ல அமெரிக்கா போய் உலகக் கோப்பைல மூணு தங்கம் எடுத்துக்கினு வந்துச்சு. கேரம் போர்டைச் சுத்தி நாலு பேர் நின்னு வேடிக்கை பாக்கற தெருவுல கை எதைத் தொடணும், எப்ப தொடணும்னு சொல்லியே தர வேணாம், பாத்தே வந்துடும்.

அதனால "யார் காய்"னு பாக்காம "யார் முறை"ன்னு பாருங்க. உன் முறைன்னா போர்டே உன்னுது. முறை இல்லன்னா கையைக் கட்டிக்கினு உக்காரு.

(அப்பால, கேரமையும் இதுல செய்யலாமான்னு யாரும் கேக்காதீங்க. அஞ்சு கிராம் காயை பதினஞ்சு கிராம் ஸ்ட்ரைக்கரால, போரிக் பவுடர் போட்ட பலகைல, சுண்டு விரல் ஊணி அடிக்கற அடி மவுஸ்ல வராது. வரவே வராது.)


மின்ட்_தெரு
வியாழன் காலை 9.02

ஸ்ட்ரைக்கர், சரியான இடத்துல அடிச்சீங்க. அதுக்கு ஸ்கிரிப்ட்கூட வேண்டாம்! டேபிள்டாப் சிமுலேட்டர்லயே டர்ன்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு. அதை ஆன் பண்ணி, முறை இல்லாதவங்க தொடறதைத் தடுக்கற டிக்கையும் போட்டா, யார் முறையோ அவங்க மட்டும்தான் பொருளைத் தொட முடியும். நான் கோட் எழுதற பைத்தியத்துல அதை மறந்தே போயிட்டேன்.

கட்டை, டேக் விஷயம் இப்படி ஆகட்டும்: கட்டை தொட முடியாததாவே இருக்கட்டும், பட்டன் இருக்கட்டும். காய்ப் பூட்டு ஸ்கிரிப்டைத் தூக்கி எறிங்க. முறையைத் தானா நகர விடாதீங்க, தாயம் அஞ்சு ஆறு பன்னெண்டு விழுந்தா மறு வீச்சு இருக்குல்ல, வெட்டினாலும் இருக்குல்ல. ஆடி முடிச்சவங்களே முறையை அடுத்த ஆளுக்குத் தள்ளட்டும்.


பழைய_வண்ணை_65
வியாழன் மதியம் 1.30

ஸ்ட்ரைக்கர் தம்பி, நீங்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் முறையில் அந்த ஷார்ஜா பிள்ளை வேறு ஒருவர் காயை நைசாக நகர்த்தினால்?


புதுவண்ணை_ஸ்ட்ரைக்கர்
வியாழன் மதியம் 1.41

நகர்த்தட்டும் மாமா. ஒருத்தன் கை மட்டும்தான் போர்டுல இருக்கும், மத்த மூணு பேர் கண்ணும் அங்கதான் இருக்கும். மாட்டினா கத்தலாம். நீங்க கேட்டது அதுதானே?


பழைய_வண்ணை_65
வியாழன் மதியம் 1.44

அதுதான் 🙂


பேசின்_பிரிட்ஜ்_கணக்கு
வியாழன் மாலை 6.15

மலைக் கட்டத்துக்கு ஒரு குறிப்பு. மலைல எத்தனை பேர் காய் வேணா உக்காரலாம். ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்னாப் பாயின்ட் மட்டும் போட்டீங்கன்னா எல்லாக் காயும் அதே புள்ளிக்கு இழுபட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும், அடில எது இருக்குன்னு தெரியாது. மலைக்கு மட்டும் நாலு மூலைக்கும் நாலு ஸ்னாப் பாயின்ட் போடுங்க. டோக்கன்ல ஸ்டேக்கபிள் டிக் இருந்தா அதையும் எடுத்துடுங்க.


கொருக்குப்பேட்டை_கிளி
வியாழன் இரவு 8.20

எங்க அம்மாவும் ஆடணுமாம். ஆனா வீட்ல கம்ப்யூட்டர் என்னோடது ஒண்ணுதான், அவங்களுக்கு போன் மட்டும்தான். வழி இருக்கா?


பெரம்பூர்_லோகோ
வியாழன் இரவு 8.50

டேபிள்டாப் சிமுலேட்டர் போன்ல வராது. அவுல்பேர் ரோடியோ பாருங்க, பிரவுசர்லயே ஓடும், ஆட வர்றவங்க லிங்கைத் தொட்டா போதும். கட்டத்துப் படத்தை மேப்பா வெச்சு, வளையல் துண்டு பிஎன்ஜியை டோக்கனாப் போடுங்க. அதுலயும் ஆட்டக்காரங்க உரிமைப் பக்கம் இருக்கு, அவங்கவங்க டோக்கனை அவங்கவங்க மட்டும் நகர்த்தற மாதிரி ஒரு தேர்வும் இருக்கு. அதைப் போட்டுடாதீங்க, ஆயா வெட்டின கதைதான் திரும்பவும்.

கட்டைக்கு நீங்க நிஜப் பித்தளைக் கட்டையையே வெச்சுக்கலாம். வீடியோ கால்ல ஒரு போனைத் தரையைப் பாத்து நிறுத்தி வைங்க. வீட்ல இருக்கிறவங்க எல்லாருக்குமா உருட்டட்டும்.


கல்மண்டபம்_கட்டை
வெள்ளி இரவு 12.35

முறைப்படி பூட்டி ஆடினோம். முதல் வெட்டே ஆயாவோடது. புளியங்கொட்டையைத் தூக்கிச்சு பாருங்க, அப்படியே ரெண்டு சுத்து அந்தரத்துல சுத்திக் காட்டிட்டு போர்டுக்கு வெளிய தூரமா போட்டுச்சு. மவுஸ் புடிக்கத் தெரியாத கை! அண்ணன் அந்தப் பக்கம் "போதும் ஆயா, போதும் ஆயா"ன்னு கத்தறான்.

எங்க வீட்டு விதிப்படி ஒரு வெட்டாவது வெட்டினாத்தான் உள் கட்டத்துக்குப் போக முடியும். அக்கா கடைசி வரைக்கும் வெட்டே இல்லாம வெளிய சுத்திக்கினே இருந்தா. அந்த நேரம் பாத்து கரண்ட் போச்சு. நான்தான் ஹோஸ்ட், நான் போனதும் நாலு பேருக்கும் ஆட்டம் மூடிக்கிச்சு. தானா சேவ் ஆனது என் மெஷின்ல இருந்துச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்ததும் அதுல இருந்தே தொடங்கினோம். இனிமே அக்காவுக்கு மட்டும் சேவ் பண்ற அனுமதி கொடுத்து வெக்கப் போறேன், என்னோடது போனாலும் அவ ஹோஸ்ட் ஆகித் தொடரலாம். அண்ணனுக்குக் கொடுக்க மாட்டேன், அவன் ஜெயிக்கற இடத்துல மட்டும் சேவ் பண்ணுவான்.

லோகோ அக்கா சொன்ன நிஜக் கட்டை யோசனையை ஆயாகிட்ட சொன்னேன். உடனே சரின்னுச்சு, தானே எல்லாருக்கும் உருட்டறேன்னுச்சு. மத்த மூணு பேரும் ஒரே குரல்ல மாட்டோம்ங்கறாங்க. அந்தக் கட்டை அறுபது வருஷமா ஆயா பேச்சைத்தான் கேக்குதாம்.

ஜெயிச்சது யாருன்னு கேக்காதீங்க. வளையல் துண்டு நாலும் பழம்.

சித்தப்பா பையன் அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட், அவன் இடம் காலி. ஞாயிறு ராத்திரி ஒம்போது மணிக்கு யாராவது வர்றீங்களா? சட்டை பட்டன் ரெடியா இருக்கு.


எம்கேபி_நகர்_மச்சி
வெள்ளி இரவு 12.41

நான் வரேன் தல. எனக்கு பட்டன் வேணாம், எங்க ஆயா வெத்தலைப் பொட்டில ஒரு பழைய ஓட்டைக் காலணா கீது, அத்த நீல லுங்கி மேல வெச்சு படம் புடிச்சு அனுப்பறேன். நடுவுல ஓட்டை வருமா டோக்கன்ல?


மின்ட்_தெரு
வெள்ளி காலை 7.05

ஓட்டை வழியா லுங்கி தெரியாம சுத்தமா அழிச்சுட்டு அனுப்பு. மிச்சத்தை ஏத்திப் பாத்துத்தான் சொல்லணும்.